எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவே

வியாசர்பாடியில் 'வியாசை தோழர்கள்' என்றொரு மாலை நேரக் கல்வி மையம் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் வந்து படிக்கிற இடம். அங்கே வரும் மாணவர்கள் சிலருக்குப் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-ல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' இணைய இதழுக்காகப் படங்கள் எடுத்தவர். தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர். மதுரையில் மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒரு தாயின் மகன். அவரிடம் கற்ற வட சென்னைப் பிள்ளைகள் கேமராவைத் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் வேலையின் பக்கம் திருப்பினார்கள். தூய்மைப் பணி உட்பட, நகரம் அன்றாடம் வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் விட்டுவிடுகிற உழைப்பு அது. அந்தப் படங்கள் சென்னையில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. எடுத்தவர்களின் சொற்களோடு பாரியிலும் வெளிவந்தன.

இப்படிப்பட்ட முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது "இந்தப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு திறமையா" என்று வியக்கிறவர்கள் அதிகம். அந்த வியப்பை நான் ஒதுக்கி வைக்கிறேன். வியாசர்பாடிப் பிள்ளைக்குத் திறமை இருக்காது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தால்தானே வியப்பு வரும்? நான் இதை வேறொரு கேள்விக்கான விடையாகப் பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைக்கு டிஜிட்டல் தொழில்நுட்பத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது அந்தக் கேள்வி. கணினி வகுப்பு, ஆப் அறிமுகம், சான்றிதழ் என்று நாம் பல வழிகளைப் போட்டுப் பார்த்திருக்கிறோம். அவற்றை எல்லாம் விட, பிறர் பார்க்கப்போகிற ஒரு படைப்பைப் பிள்ளைகள் சேர்ந்து உருவாக்குவது, அதாவது ஒரு கண்காட்சி, ஒரு சுவர் இதழ், ஒரு பத்து நிமிட ஒலிப்பதிவு, ஆழமாகக் கற்றுக்கொடுக்கிறது என்பது என் கட்சி. அதற்கு நான் சொல்லும் காரணமும் கொஞ்சம் குறிப்பானது. ஒரு படத்தை எடுப்பதற்கும் அதை ஊருக்குக் காட்டுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. டிஜிட்டல் கல்வி நடப்பது அந்த இடைவெளியில்தான். போன் அந்த இடைவெளியை அழித்துவிட்டது. மாணவர் ஊடகப் பணி அதைத் திரும்பத் திறக்கிறது.

முதலில் போனைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் எதிர்ப்பும் அங்கிருந்துதான் வரும். "இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் போனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? அது நமக்குச் சொல்லித்தரும்" என்பார்கள். 2023-ம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வறிக்கையைப் பாருங்கள். 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைக் கேட்டு எடுத்த கணக்கு. ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சமூக ஊடகத்தில் இருந்தார்கள். ஆனால் அங்கே தங்களைப் பாதுகாத்துக்கொள்ளும் அமைப்புகளைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் அளவுக்குத்தான். கிராமப்புறக் கணக்கு இது. வட சென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் அது காட்டும் பிளவு நகரத்துக்கும் பொருந்துவதுதான். புழங்கத் தெரிவது வேறு, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வது வேறு. போனில் படம் எடுப்பதும் அதை ஸ்டேட்டஸில் போடுவதும் ஏறக்குறைய ஒரே விரல் அசைவு. எடுத்த படம் எங்கே போய் உட்காருகிறது, எந்த அளவில் இருக்கிறது, யார் கைக்குப் போகிறது, திரும்ப வாங்க முடியுமா என்று யோசிக்க அந்த அசைவில் இடமே இல்லை. இடமில்லாமல் இருப்பது தற்செயலும் இல்லை. நாம் யோசிக்காமல் இருந்தால்தான் அந்த நிறுவனங்களுக்கு வருமானம்.

கேமராவோடு ஒரு குழுவாக வேலை செய்யும்போது அந்த ஒரே அசைவு பல படிகளாகப் பிரிகிறது. எடுத்ததை மெமரி கார்டிலிருந்து கணினிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றியவுடன் முதல் சிக்கல்: எட்டுப் பேர் எடுத்த படங்கள், எல்லாவற்றுக்கும் கேமரா தானாகக் கொடுத்த ஒரே மாதிரிப் பெயர்கள். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் யாருடைய படம் அழிந்தது என்றே தெரியாது. அப்போதுதான் தேதி, எடுத்தவர், இடம் என்று பெயர் வைக்கும் முறை ஒன்று தேவைப்படுகிறது. ஃபோல்டர் என்பது என்ன, நகல் என்பது என்ன, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் ஏன் இருக்க வேண்டும் என்பது எல்லாம் கணினிப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வந்து மறந்துபோகிற விஷயங்கள். தன் அம்மாவின் படம் தொலைந்துவிடுமோ என்ற கவலையில் அதைக் கற்ற பிள்ளை மறக்காது. அடுத்தது தேர்வு. முந்நூறு படத்திலிருந்து பத்து. ஏன் இது, ஏன் அது இல்லை என்று நண்பர்கள் முன்னால் சொல்லியாக வேண்டும். வெளிச்சமில்லாத ஒரு சின்ன வீட்டுக்குள் எடுத்த படம் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்டால், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, ஜன்னல் பக்கம் நிற்க வைத்திருக்கலாமே என்று பேச்சு போகும். அந்தப் பேச்சில் வருகிற ஐஎஸ்ஓ வெறும் எண்ணாக இருப்பதில்லை. அந்த வீட்டுக்கு ஏன் ஒரே ஒரு ஜன்னல் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பிறகு படக்குறிப்பு. என்னைக் கேட்டால் முழுப் பணியிலும் கடினமான பகுதி இதுதான், அதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது, இதைச் சொன்னது யார். "என் அப்பா வேலை செய்கிறார்" என்று எழுதுவது சுலபம். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், நிரந்தரப் பணியாளரா ஒப்பந்தப் பணியாளரா, கையுறை யார் வாங்கித் தந்தது என்று எழுத வேண்டுமென்றால் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதை யூனிகோடில் தட்டச்ச வேண்டும். பிரிண்ட் போடப் போனால், பழைய மென்பொருள் வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் ஒட்டியவுடன் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து எங்கோ போய் நிற்கும். பிழை தன்னுடையதா, எழுத்துருவுடையதா, மென்பொருளுடையதா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கணினியைப் பற்றிய அறிவில் இதைவிட அடிப்படையானது எதுவும் கிடையாது. ஒன்று உடைந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று தேடும் பழக்கம் அது. ஒலிப்பதிவு என்றால் இன்னும் நேரடியாகவே தெரியும். வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பேட்டி எடுத்தால் மின்சார ரயில் சத்தம், எண்ணூர் பக்கம் போனால் கன்டெய்னர் லாரி சத்தம். காதுக்குப் பழகிப்போன சத்தத்தை மைக் மன்னிப்பதில்லை. ஹெட்போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தன் தெரு எவ்வளவு இரைச்சலில் வாழ்கிறது என்பதே தெரியவரும். அதைக் குறைக்க எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதும் தெரியவரும்.

இடைவெளியில் மிக முக்கியமானது சம்மதம். மலக்குழியில் இறங்கும் ஒருவரை, சட்டம் 2013-லேயே தடை செய்த வேலையைச் செய்யும் ஒருவரை, அவர் மகளே படம் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் வெளியே போனால் மாட்டப்போவது யார்? வேலை வாங்கிய ஒப்பந்ததாரரா, வேலையை இழக்கப்போகும் அப்பாவா? முகத்தைக் காட்டலாமா, சீருடையில் இருக்கும் பெயரைக் காட்டலாமா, எந்தத் தெரு என்று எழுதலாமா? இந்தக் கேள்விகளோடு பிணைந்துதான் தொழில்நுட்பம் உள்ளே வருகிறது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், அமைப்பைப் பொறுத்து எடுத்த இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கி, அந்தத் தகவலும் உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் தகவலும் கூடவே போகும். ஆக, கண்காட்சிக்கு நல்ல தரத்தில் படம் வேண்டும் என்று ஒரு பிள்ளை சரியாகச் செய்கிற காரியமே வீட்டு முகவரியை வெளியே கொடுத்துவிடலாம். இதைப் பாதுகாப்பு விதி எண் மூன்று என்று பலகையில் எழுதிப் போட்டால் ஒருவருக்கும் ஏறாது. அப்பாவின் வேலை அதில் தொங்குகிறது என்றால் ஏறும்.

சம்மதம் என்றவுடன் எனக்குக் கனடாவில் நடந்த ஒரு முயற்சி ஞாபகத்துக்கு வருகிறது. நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் ஃபோகோ என்ற மீனவர் தீவு. அரசு அங்கிருந்த மக்களை வேறிடத்துக்குக் குடியேற்றப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 1967-ல் தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போய், உள்ளூர் மக்கள் பேசுகிற 20-க்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். அந்தப் படங்களை முதலில் பார்த்தது தலைநகரத்து அதிகாரிகள் இல்லை, தீவுக்காரர்கள். தாங்கள் பேசியதைத் தாங்களே பார்த்து, வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதன் பிறகுதான் படங்கள் வெளியே போயின. அதைப் பார்த்து ஒரு கிராமம் இன்னொரு கிராமத்தோடு பேசத் தொடங்கியது, மீனவர் கூட்டுறவு உருவாக அது துணை நின்றது. தீவு காலியாகவில்லை. எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் நடுவே ஒரு திரையிடலை வைத்தார்கள், அவ்வளவுதான். திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரை மாணவர் ஒருவர் மீனவர் பேட்டி எடுத்தால், பேசிய அண்ணனுக்கு முதலில் போட்டுக் காட்டுவதற்கு என்ன செலவாகும்? ஒரு மாலை நேரம்.

"எழுதப் படிக்கவே திணறுகிற பிள்ளைகளிடம் எடிட்டிங் என்றால் எப்படி?" என்பது பள்ளிகளில் கேட்கக்கூடிய இன்னொரு எதிர்ப்பு. இதற்கான பதில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அகமதாபாத்தில் கிடைத்துவிட்டது. எலா பட் தொடங்கிய 'சேவா' என்ற பெண் தொழிலாளர் அமைப்பினருக்கு 1984-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் மார்த்தா ஸ்டூவர்ட் வீடியோ பயிற்சி தந்தார். பயிற்சிக்கு வந்தவர்களில் தெருவில் காய்கறி விற்கிறவர்களும் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அன்றைய வீடியோ கருவி இன்றைய போன் மாதிரி இல்லை. கேமரா ஒரு சுமை, பதிவுப் பெட்டி இன்னொரு சுமை, பொத்தான்களின் பெயர் எல்லாம் ஆங்கிலம். அவர்கள் கற்றார்கள். 'வீடியோ சேவா' என்ற பெயரில் பல ஆண்டுகள் படங்களும் எடுத்தார்கள். தங்கள் கூலியையும் தங்கள் வியாபார இடத்தையும் பற்றிச் சொல்ல அவர்களிடம் விஷயம் இருந்தது, பார்க்கச் சக தொழிலாளிகள் இருந்தார்கள். இந்த இரண்டும் இருந்தால் பொத்தானின் பெயர் தடையாக நிற்பதில்லை.

இதற்கு நேர்மாறான சோதனையையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் பெரு நாடு லட்சக்கணக்கில் கருவிகளை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டு, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கணினி பயன்பாடு வெகுவாகக் கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது, செய்வதற்கு ஒரு காரியம் போய்ச் சேரவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். நம் ஊரிலும் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்குப் போனது. அதை வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எத்தனையோ வீடுகளில் முதல் கணினி அதுதான். ஒரு தலைமுறை வேலைக்குப் போனதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கணினியோடு சேர்த்து, உன் தெருவைப் பற்றி ஓர் இதழ் செய்துகொண்டு வா என்று ஒரு வேலையையும் ஒவ்வொரு பள்ளியும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

அதைக் கொஞ்சம் செய்து காட்டியது பக்கத்து மாநிலம். கேரளத்தில் 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற பெயரில் பள்ளி மாணவர் கணினி மன்றங்கள் தொடங்கப்பட்டன. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. பிள்ளைகள் அனிமேஷன் செய்கிறார்கள், பள்ளி நிகழ்ச்சிகளைப் படம் பிடித்துத் தொகுக்கிறார்கள், டிஜிட்டல் இதழ் வடிவமைத்து 'ஸ்கூல்விக்கி' தளத்தில் ஏற்றுகிறார்கள். 2022-ல் இந்த மன்றத்துப் பிள்ளைகளே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித்தரும் நிலைக்கு ஒரு மாணவி வந்துவிட்டால் அதற்கு மேல் சான்றிதழ் எதற்கு? தமிழ்நாட்டிலும் விதை இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. முதலில் காட்டப்பட்டவற்றில் பிரெஞ்சுப் படமான 'சிவப்பு பலூன்' உண்டு. மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் வழி செய்தாகிவிட்டது. செய்வதற்கான வழிதான் இன்னும் குறுகலாக இருக்கிறது.

பெற்றோரின் எதிர்ப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "பத்தாவது படிக்கிற பிள்ளை. போட்டோ பிடிச்சிக்கினு திரிஞ்சா மார்க் வருமா, வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்வி. துறைமுகத்திலும் மணலியிலும் மாதவரத்திலும் கூலிக்கு நின்று பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களிடம் கலை மனதை விரிவாக்கும் என்று சொல்வது மரியாதைக் குறைவு. சினிமாவில் வேலை கிடைக்கும் என்று சொல்வது அதைவிட மோசம், ஏனென்றால் அது பொய், எல்லோருக்கும் கிடைக்காது. உண்மையாகச் சொல்லக்கூடியது வேறு. கோப்புகளை ஒழுங்காக வைத்தல், குறித்த நாளுக்குள் முடித்தல், தெரியாதவரிடம் போய்க் கேள்வி கேட்டல், கேட்டதைப் பிழையில்லாமல் தட்டச்சுதல், பத்துப் பேரின் வேலையை ஓர் அட்டவணையில் கண்காணித்தல். எந்த அலுவலகத்திலும், எந்தக் கிடங்கிலும், எந்தக் கடையிலும் இவை தேவைப்படுகின்றன. நேரத்தைப் பொறுத்தவரை பெற்றோர் சொல்வதுதான் சரி. பொதுத்தேர்வு ஆண்டில் இதை வைக்கக் கூடாது. எட்டு, ஒன்பதாம் வகுப்பில், சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு பருவத்துக்கு ஒரு படைப்பு என்று வைத்தால் போதும்.

பெண் பிள்ளைகளின் நிலை தனி. அதே அசர் அறிக்கையில், போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண் பிள்ளைகளில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தமாகப் போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் 19.8 சதவீதம். மாணவர் ஊடகப் பணியை "எல்லாரும் வீட்டுப் போனைக் கொண்டு வாங்க" என்று தொடங்கினால் முதல் நாளே அண்ணன்காரன் போன் கொடுக்க மறுத்த பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும். அதனால் கருவி பொதுவில் இருக்க வேண்டும். யார் எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள் என்று நோட்டில் எழுதி முறை வைக்க வேண்டும். கேமரா பையன் கையிலும், எழுத்து வேலை பெண் கையிலும் போய்ச் சேர்வதை ஆசிரியர் கவனித்துத் தடுக்க வேண்டும். தானாக விட்டால் அப்படித்தான் பிரியும்.

எனக்கே மிகவும் கனமாகத் தெரிகிற எதிர்ப்பு இனிமேல் வருவது. ஏழைப் பிள்ளைகள் கையில் கேமரா கொடுத்து, அவர்கள் எடுத்த வறுமையைக் காட்சிக்கு வைப்பது யாருக்காக? கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஜானா பிரிஸ்கி புகைப்படம் கற்றுக்கொடுத்ததைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' படம் 2005-ல் ஆஸ்கர் வாங்கியது. வெளியிலிருந்து வந்த ஒருவரைக் காப்பாற்ற வந்தவராகவும் தாய்மார்களைக் கெட்டவர்களாகவும் அது காட்டியது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. வியாசர்பாடிக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இந்தப் பகுதியை ஏற்கெனவே ஏகப்பட்ட கேமராக்கள் பார்த்துவிட்டன. செய்திச் சேனல்களுக்கு இது குற்றச் செய்தி வருகிற முகவரி. சினிமாவுக்கு வட சென்னை என்றால் ரவுடியும் அரிவாளும் என்று பல காலம் ஓடியது, பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-ல் இங்குள்ள குடியிருப்பையும் கால்பந்தையும் படித்த இளைஞர்களையும் காட்டியபோது பலருக்கு அது புதிதாக இருந்ததே ஒரு சாட்சி. முல்லை நகர் மைதானத்தில் தலைமுறைகளாகப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், அதற்கெனவே 1997-ல் உள்ளூர் விளையாட்டு வீரர்கள் ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள். செய்தியில் அது வருவது எப்போதாவதுதான்.

ஆகவே கேமரா கொடுப்பது மட்டும் நல்லது ஆகிவிடாது. வெளியார் எதிர்பார்க்கும் படத்தையே உள்ளூர்ப் பிள்ளையும் எடுத்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கலாம், அது நடக்கக்கூடியதுதான். எது படம் என்று முடிவு செய்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் வரும். பத்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பது பயிற்சியாளரா, பிள்ளைகளா? படக்குறிப்பை எழுதி முடித்தபின் "இன்னும் உருக்கமாக" என்று திருத்துகிறவர் யார்? கண்காட்சி முதலில் எங்கே நடக்கிறது? எழும்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் வைக்கலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் வியாசர்பாடியிலேயே, கல்யாணபுரத்திலோ சத்தியமூர்த்தி நகரிலோ ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்தால், படத்தில் இருப்பவர்களும் அவர்களின் அக்கம்பக்கமும் முதல் பார்வையாளர்கள் ஆகிறார்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள், தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். தங்கள் வீட்டு உழைப்பைப் பழனி குமாரின் மாணவர்கள் படமாக்கியதில் எனக்குப் பிடித்ததும் இதுதான். பார்க்கப்படுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடுகிறவர்கள். படம் பிசகினால் இரவு வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதையெல்லாம் கற்பதில் என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கிக் கொடுக்கிறது, படத்தைத் தெளிவாக்குகிறது, சப்டைட்டில் போடுகிறது, குறிப்பையும் எழுதித் தருகிறது. பயன்படுத்தட்டும், நான் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ராயபுரத்துப் பாட்டி ஒருவர் வேகமாகப் பேசியதை இயந்திரம் எழுதித் தந்தால், ஒலியோடு ஒத்துப் பார்க்காமல் அதை அச்சிட முடியாது. பாட்டி சொன்ன சென்னைப் பேச்சை மேடைத் தமிழாக அது மாற்றி எழுதியிருந்தால், அப்படியே விடுவதா, அவர் பேசியபடி திருப்பி எழுதுவதா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். கலங்கிய முகத்தை அது தெளிவாக்கும்போது இல்லாத ஒரு கண்ணையும் மூக்கையும் ஊகித்துப் போடுகிறது. அதை ஆவணம் என்று காட்டலாமா? தன் கையால் ஒருமுறை பேட்டி எடுத்து, கேட்டு, எழுதி, சரிபார்த்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும். இயந்திரம் வேகமாக ஆக, நடுவில் நின்று பார்க்கிறவருக்கு வேலை கூடுகிறது.

கடைசியாக நடைமுறை. ஆசிரியர்களுக்கே தெரியாது, பள்ளியில் வசதி இல்லை என்பார்கள். தேவைப்படுவதன் பட்டியல் சின்னது. இரண்டு அல்லது மூன்று பழைய கேமராக்கள், ஒரு சின்ன மைக், நாலு ஹெட்போன், ஒன்றுக்கு இரண்டாக ஹார்ட் டிஸ்க். ஆடாசிட்டி, கேடென்லைவ், ஸ்கிரைபஸ், ஜிம்ப் எல்லாம் காசில்லாத மென்பொருள்கள். அவற்றைத் தமிழில் சொல்லித்தர சென்னையிலேயே கணியம் போன்ற கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. உண்மையான தட்டுப்பாடு வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று இணையம்: நல்ல தரத்தில் பத்து நிமிட வீடியோ ஏறக்குறைய ஒரு ஜிபி வரும், தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓடுகிற வீட்டில் அதை ஏற்றினால் அன்றைக்கு வேறு எதற்கும் அதிகம் மிஞ்சாது. இரண்டாவது, சத்தமில்லாத, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிற, ஒரு பொறுப்பான ஆள் உட்கார்ந்திருக்கிற அறை. இந்த அறையைக் கற்பனை செய்ய அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பக்கத்துக் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் மடிக்கணினியில் வேலை செய்கிறவர்களுக்கும் இடமும் இணையமும் தருகிற கட்டடம். அது மாதிரி ஒன்றில் ஓர் அறையை, சனிக்கிழமை மட்டுமாவது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எடிட்டிங் அறையாக ஒதுக்கலாம். அறைக்கு ஒரு பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், தன்னார்வலர் என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது. வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிற மாணவர்களையே பயிற்சி கொடுத்து அந்த வேலைக்கு எடுக்கலாம். அவர்களில் பலர் இதே தெருக்களிலிருந்து வருகிறவர்கள், எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.